கட்டைவிரலுக்கு விட்ட இடம்

வாடகைப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. நமக்குப் பின்னால் இன்னும் முப்பது நாற்பது வீட்டுப் பெண்கள் அதைப் படிக்க வேண்டும் என்ற நினைப்பு கொஞ்சமாவது வேண்டாமா. ஒருத்தி ‘இழுவை’ என்று எழுதியிருப்பாள். இன்னொருத்தி, ஒரே கதையை நாலு துண்டாக நறுக்கி வாடகைக்கு விடும் புத்தகக்காரி நாசமாய்ப் போக என்று சபித்திருப்பாள். ஒரு தடவை யாரோ கழுதைப் படம் போட்டு அதன் கீழே கதாநாயகன் பெயரை எழுதியிருந்தார்கள். படம் நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

அதனால், மூங்கில் திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆறாம் புத்தகத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஐயா. பக்கம் புரட்டும் கட்டைவிரல் பட்டு எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று, நகல் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு தாளிலும் கீழ் மூலையைக் காலியாக விடுவார்கள். அந்த மூலைகளில் இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு கை என் மருமகள் இன்சோனுடையது. அவள் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தோடு ஒப்பிட்டு அதை உறுதி செய்துகொண்டீர்கள். இன்னொரு கை யாரோ ஓர் ஆணுடையது என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

இறந்த கணவனைப் பின்தொடர்ந்து பட்டினி கிடந்து உயிர்விட்ட பத்தினி என்று, தெருப் பெரியவர்கள் பதினாறு பேர் இன்சோனுக்காக மனுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு முகப்பில் அவளுக்கு மரியாதையாக அரசர் பெயரால் ஒரு சிவப்பு வாசல் எழுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். அதை நிராகரிக்கப் போவதாக நேற்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது படுத்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது ஷின் வீட்டார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலும் ஒரு விதவை இருக்கிறாள், அவர்களுக்கும் வாசல் ஆசை இருக்கிறது. ஆனால் அவள் நல்ல சாப்பாட்டுக்காரி என்று கேள்வி. அது போகட்டும். நீங்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அதைத் திருத்தத்தான் வந்தேன். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குவோன் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக யாருக்கும் பதவி கிடையாது. பெயர் இருக்கிறது, முன்னோர் சமாதிகள் இருக்கின்றன, சுவரில் விரிசலும் இருக்கிறது. என் மூத்த மகன்தான் அதை நிமிர்த்துவான் என்று இருந்தோம். கல்யாணமான நாற்பதாம் நாள் அம்மை கண்டு போய்விட்டான். இன்சோனுக்கு அப்போது பதினெட்டு வயது. வெள்ளை உடுத்திக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவள், ஆறு வருஷம் அங்கேயே இருந்தாள். குறை சொல்ல எதுவும் இல்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்திருப்பாள், எனக்குப் பின்னால் சாப்பிடுவாள். குரல் மட்டும் கொஞ்சம் அழகு அதிகம்.

அந்தக் குரலுக்காகத்தான் எனக்குக் கண் மங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கண் மங்கியது உண்மை, ஆனால் நான் சொல்லிக்கொண்ட அளவுக்கு மங்கவில்லை. மத்தியானம் தையல் வேலையோடு உட்கார்ந்து, இன்னொருத்தர் படிக்கக் கதை கேட்பதில் இருக்கும் சுகம் தானே படிப்பதில் இல்லை. கண் தெரிகிறது என்று சொன்னால் யார் படித்துக் காட்டுவார்கள்.

சீப்பு, நூல், முகப்பூச்சு விற்கிற ஹ்வாங் என்ற விதவை பத்து நாளைக்கு ஒரு முறை வருவாள். மூட்டையின் அடியில் புத்தகம் இருக்கும். பித்தளைக் கிண்ணத்தை ஈடு வைத்து வாங்குவோம். பக்திக் கதை, போர்க் கதை எல்லாம் ஆகிவிட்டது. போன வருஷம் இலையுதிர்ந்த சமயத்தில்தான் அவள் ‘பவளத் திரை மாளிகை’யைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு புத்தகம். சீனத்துப் பேரரசரின் அந்தப்புரம், மூவாயிரம் பெண்கள், அதில் துணி துவைக்கும் லான்சி என்றொரு பெண். உங்கள் கையில் உள்ளதை நீங்களும் படித்திருப்பீர்கள். குளியல் மண்டபக் காட்சி அதில்தான் வருகிறது.

இன்சோன் அப்படிப்பட்ட இடங்களில் நழுவப் பார்ப்பாள். இடைக்கச்சையின் கடைசி முடிச்சில் பேரரசர் கை வைத்தார் என்று படித்து, ஒரு மூச்சு விட்டு, ‘மறுநாள் காலை’ என்று தொடங்குவாள்.

“ஏண்டி, ராத்திரி எங்க போச்சு?” என்பேன்.

“அது வெறும் வர்ணனைதான் அத்தை.”

“வர்ணனைக்கும் சேத்துத்தான் கிண்ணத்தை ஈடு வெச்சிருக்கு. படி. உரக்கப் படி, காது கேக்கல.”

அவள் காது மடல் சிவந்துபோகும். ஆனால் படிப்பாள். படிக்கப் படிக்கக் குரல் தானாகத் தணியும், ஊசி பிடித்திருந்த எங்கள் கைகளும் நின்றுவிடும். வேலைக்காரி சம்வோல் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அவளுக்கு வாய்த் துடுக்கு அதிகம்.

“ஏம்மா, இந்த ராசாவுக்கு நாட்டுல வேற சோலியே கெடையாதா? மூவாயிரம் பேரு. நம்ம பெரியவருக்கு ஒரு வைப்பாட்டிக்கே இடுப்புப் புடிச்சுக்குது.”

“நாக்கை அறுத்துருவேன்,” என்று அதட்டினேன். இன்சோன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாக வெளிக்கட்டில் அந்தப் பெண்ணோடு இருக்கிறார். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்படுவதற்கு நேரமும் இருந்ததில்லை.

மூன்றாம் புத்தகத்தில் ஆட்டு வண்டி வருகிறது. மூவாயிரம் பேரில் யாரைத் தேடிப் போவது என்று அலுத்துப்போன பேரரசர், ஆடு பூட்டிய சின்ன வண்டியில் ஏறிக்கொள்வார். அது எந்த வாசலில் நிற்கிறதோ அன்று அந்த வாசல். ஆட்டுக்கு உப்பு பிடிக்கும் என்று தெரிந்த பெண்கள் தங்கள் வாசலில் உப்புநீர் தெளித்து வைத்துக் காத்திருப்பார்கள். லான்சிக்கு அந்தத் தந்திரம் தெரியாது. ஆனால் நாளெல்லாம் துவைத்த வியர்வை அவள் பாவாடை ஓரத்தில் உப்பாகக் காய்ந்திருக்கும். ஆடு அதை நக்கிக்கொண்டு நின்றுவிடும்.

அந்த இடத்தை இன்சோன் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு, அவள் சமையல்கட்டில் இருந்தபோது, நானே ஒரு தடவை படித்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். மூலையில் அவள் எழுத்து இருந்தது. சின்னதாக, மை அதிகம் இல்லாத தூரிகையில்.

‘நானும் ஆறு வருஷமாக வாசலில் உப்புத் தெளிக்கிறேன். ஆடுகூட எட்டிப் பார்க்கவில்லை.’

எனக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில், நன்றாக எழுதியிருக்கிறாளே என்றுதான் தோன்றியது. பிறகுதான் இந்த மூலையை ஊரில் எத்தனை வீடு பார்க்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சுரண்டி எடுத்திருக்கலாம். சுரண்டவில்லை.

இங்கே உங்கள் அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷமே இன்சோனுக்காக ஒரு மனுப் போட்டிருந்தோம். என் இரண்டாவது மகன் மான்சிக்குக்குப் பெரிய இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு வாசல் நின்றால் கல்யாணமும் நடக்கும், அந்தச் சம்பந்தியால் ஒரு பதவியும் வரும் என்ற நிலை. உங்களிடமிருந்து பதில் வந்தது. கணவன் இறந்தபின் ஒழுக்கமாக உயிரோடு இருக்கும் விதவைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அதற்கெல்லாம் வாசல் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாக்கியத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அழகான கையெழுத்து, முத்திரையோடு வந்தது. பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஆனால் ஒழுக்கமாக இருக்கிறாளா என்பதே எனக்கு அப்போது நிச்சயமில்லாமல் போய்விட்டது. உப்புத் தெளிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். அரசரிடம் ஒரு பெண்ணைப் பத்தினி என்று சொல்லிக் கேட்பதற்கு முன்னால், நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா.

அதனால் அடுத்த தடவை ஹ்வாங் வந்தபோது, “மூணாவது புத்தகத்தையே திருப்பிக் கொண்டா, ஆட்டுக் கதை மறந்துபோச்சு,” என்றேன். அவள் கொண்டுவந்து என் அறையில்தான் மூட்டையை அவிழ்த்தாள். அவள் போனதும் இன்சோனைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவள் எழுத்துக்குக் கீழே நான் எழுதினேன்.

‘எந்த வாசல் என்று தெரிந்தால் ஆட்டை நானே ஓட்டி வருவேன்.’

ஆண் யாரும் இல்லை, ஐயா. ஒருபோதும் இருந்ததில்லை. சீன எழுத்திலேயே பழகிய ஆண்கள், நம் பெண்கள் எழுதும் நாட்டு எழுத்தை எழுதும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோடுகள் விறைப்பாக நிற்கும், வட்டங்கள் மூடாது, நடுவில் தேவையில்லாமல் ஒரு சீன எழுத்தை நுழைப்பார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அப்படித்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் பழகினேன். சந்தேகம் இருந்தால் தூரிகை கொடுங்கள், இங்கேயே எழுதிக் காட்டுகிறேன்.

அன்று மத்தியானம் அவள் அதைப் படித்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடு நிற்கிறது, பேரரசர் இறங்குகிறார், அவள் கண் மூலைக்குப் போனது. குரல் நின்றுவிட்டது. நான் ஊசியில் நூல் கோக்க முடியாதவள்போல் தடவிக்கொண்டிருந்தேன்.

“என்னடி நிறுத்திட்ட?”

“ஒண்ணுமில்ல அத்தை. தொண்டையில முடி.”

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு புத்தகமும் இரண்டு தடவை வரும் வழக்கம் உண்டாயிற்று. அவளே கேட்பாள், “அத்தை, அந்த நாலாவது புத்தகம் சரியாப் புரியல, இன்னொரு வாட்டி வாங்கலாமா?” என்று. நான் அலுத்துக்கொண்டு சரி என்பேன். அவளுடைய முதல் பதில், ‘ஆட்டுக்காரரே, உங்கள் எழுத்து கோணல். வண்டி ஓட்டுவதற்கு முன் கையைப் பழக்குங்கள்’ என்றிருந்தது. கொஞ்சம் மனசு சுருங்கியது. நான் எவ்வளவு சிரமப்பட்டு அதைக் கோணலாக்கினேன்.

குளிர்காலம் முழுக்க எழுதிக்கொண்டோம். அவள் என்ன சாப்பிட்டாள், பனி விழுந்தபோது என்ன நினைத்தாள், கணவன் முகம் மறந்துபோய் அவன் காது மட்டும் நினைவிருக்கிறது என்றெல்லாம் எழுதினாள். என் மகனின் காது. நான் ஆட்டுக்காரனாக அவளுக்குப் பதில் எழுதினேன். அந்தப்புரத்தில் மூவாயிரம் பேர் இருந்தாலும் உங்கள் குரலைத் தேடித்தான் வண்டி வரும் என்று ஒரு தடவை எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் தூரிகையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தர் கடிதத்துக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். ஹ்வாங் வருகிற நாளை விரல் விட்டு எண்ணினேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் எழுத்தில் உயிர் இருந்தது.

என்னைப் பற்றியும் ஒரு தடவை எழுதினாள். ‘படுக்கைக் காட்சி வந்தால் என் மாமியார் உரக்கப் படி, காது கேட்கவில்லை என்பார். பாவம், கண்தான் போயிற்று, மனசுக்கு இன்னும் பதினெட்டு.’ நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் அது இருந்தது என்று இப்போதும் சொல்வேன், அவ்வளவுதான்.

வசந்தம் முடியும்போது ஆறாம் புத்தகத்தில் நான் கேட்டேன். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து ஊஞ்சலாடப் போகும் பண்டிகையன்று, மத்தியானம் ஓடைக்கரைப் பெரிய மரத்துக்குக் கீழே வர முடியுமா, ஊரை விட்டே போய்விடலாம் என்று. அவள் கீழே எழுதினாள், ‘யோசிக்க வேண்டும்.’ நீங்கள் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சுட்டிக்காட்டுகிறீர்கள். மறுத்திருக்க வேண்டிய இடத்தில் யோசிக்க வேண்டும் என்று எழுதுகிறவள் பத்தினியா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்த மத்தியானம் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே இன்சோன் விரதம் தொடங்கினாள். பின்கட்டு அறைக்கு உள்ளே காகிதக் கதவு, வெளியே மழைக்குச் சார்த்தும் மரப்பலகை. பலகைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். அதைப் போட்டது நான்தான். என் வீட்டுக்காரரிடம், மருமகள் கணவனைப் பின்தொடர்ந்து போக முடிவு செய்துவிட்டாள், தடுக்க வேண்டாம் என்றாள் என்று சொன்னேன். அவர் அழுதார், பிறகு சீன மொழியில் எட்டு வரிக் கவிதை எழுதினார். மனுவோடு அதையும் இணைத்திருக்கிறோம். ஆண்கள் உள்கட்டுக்கு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் முதல் நாள் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்தில் வந்து நின்று, புருஷனை நினைத்துப் புலம்புகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பலகைக்கு அருகே குனிந்து சொன்னேன்.

“சத்தம் போடாத அம்மாடி. ஆறாவது புத்தகம் எங்கிட்டதான் இருக்கு. அது உங்கப்பா கைக்குப் போகணுமா?”

தட்டுவது நின்றது. அவள் அப்பா முன்கோபி இல்லை. வெட்கத்துக்குப் பயந்தவர், அது வந்துவிட்டால் தூக்கில் தொங்கிவிடக்கூடியவர். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்று நாள் தண்ணீர் கொடுத்தேன். சம்வோல் இரண்டாம் நாள் கஞ்சியில் துணியை நனைத்துக் பலகை இடுக்கு வழியாகக் காகிதக் கதவின் ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பிடித்தபோது என் காலைக் கட்டிக்கொண்டு, “அம்மா, நாயிக்குக்கூட ஒரு வாய் ஊத்துவோமேம்மா,” என்று அழுதாள். அவளைத் தெற்கே எங்கள் பண்ணைக்கு அனுப்பிவிட்டேன். விசாரிக்க வேண்டுமென்றால் அங்கே கிடைப்பாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

நாலாம் நாள் மத்தியானம் வீடு மிகவும் வெறிச்சென்று இருந்தது. அந்த நேரத்துக்குக் கதை கேட்டே பழகிவிட்டேன். எட்டாம் புத்தகம் வந்திருந்தது. பலகைக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்து, நானே உரக்கப் படித்தேன். லான்சியை மற்ற ராணிகள் குளிர் அரண்மனையில் அடைத்துவிடும் பாகம். பத்துப் பக்கம் போயிருப்பேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அத்தை. உங்களுக்குக் கண்ணு தெரியுது.”

“தெரியும்,” என்றேன்.

தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன்.

“அப்போ, ஆட்டுக்காரர்?”

“நாந்தான்.”

அவள் சிரித்தாள், ஐயா. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன், தொண்டை காய்ந்திருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்கவில்லை. நான் அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் உள்ளே தள்ளி வைத்தேன், மறுநாள் அப்படியே இருந்தது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் எப்படியோ, நாலாம் நாளிலிருந்து அது அவளே இருந்த விரதம். மனுவில் ‘தானே முன்வந்து’ என்று எழுதியிருப்பது பொய் இல்லை.

நான் தினமும் படித்தேன். லான்சிக்கு என்ன ஆயிற்று என்று அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நம்புகிறேன். ஐந்தாம் மாதம் பதினாறாம் நாள் காலையில் பலகையைத் திறந்தேன். கணவன் திதியன்றே உயிர் பிரிந்தது என்று மனுவில் இருக்கிறது. திதி பதினேழு. ஒரு நாள் கூட்டி எழுதினோம், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மனுவில் உள்ள ஒரே பிசகு அதுதான்.

இழவு வீட்டுச் சந்தடியில் ஹ்வாங் வந்திருக்கிறாள். யாரோ வேலைக்காரி அறையில் கிடந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டாள். ஆறாவது அப்படித்தான் ஷின் வீட்டுக்குப் போயிற்று. அதை நான் முதலிலேயே அடுப்பில் போட்டிருக்க வேண்டும். வாடகைப் புத்தகத்தை எரிக்கக் கை வரவில்லை.

இப்போது ஊஞ்சல் பண்டிகையன்று நடந்தது.

வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஓடைக்கரைக்குப் போய்விட்டார்கள். அவளையும் போகச் சொன்னேன். நானே அவள் தலையை வாரிவிட்டு, “ஆறு வருஷமா வாசப்படி தாண்டல, போயிட்டு வா,” என்றேன். சரி என்று எழுந்து போனாள். நான் உட்கார்ந்தபடியே காத்திருந்தேன். ஓடைக்கரையில் மான்சிக்கை நிறுத்தி வைத்திருந்தேன், அவள் மரத்தடிக்கு வந்தால் கையோடு அழைத்து வரும்படி. எதற்கு என்று அவனுக்குச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. இன்சோன் ஏழாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஊஞ்சல் பாக்கப் போகலியா?”

“வெயிலா இருக்கு அத்தை. நாம கதை படிக்கலாம்.”

குளியல் மண்டபத்துக்குப் பிறகு வரும் அந்த ஊடல் பாகத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். நான் கேட்காமலே உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு எனக்குத் தேநீர் வைக்கப் போனபோது, கடைசித் தாளைப் பார்த்தேன். அதைத்தான் கிழித்து வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் கிழித்த ஒரே தாள். இதோ, திரைக்குக் கீழே தள்ளுகிறேன். நீங்கள் படிக்க வேண்டாம், மனப்பாடமாகச் சொல்கிறேன், சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

‘ஆட்டுக்காரரே, நான் வரவில்லை. ஊருக்குப் பயந்து இல்லை. என் மாமியாருக்குக் கண் தெரியாது. நான் வந்துவிட்டால் அவருக்கு யார் படித்துக் காட்டுவார்கள். இந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். நீங்கள் எழுதியதே எனக்குப் பத்து வருஷத்துக்குப் போதும். ஆட்டை வேறு வாசலுக்கு ஓட்டிப் போங்கள்.’

படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்றிருந்தது. பிறகு அது அடங்கி, மனசு நிறைந்துவிட்டது. ஆசை இருந்தது, அழைப்பு இருந்தது, திறந்த கதவு இருந்தது, வீட்டில் காவலுக்கு ஒருத்தரும் இல்லை. அவள் போகவில்லை. இப்படி ஒரு சோதனையில் உங்கள் அலுவலகம் வாசல் கொடுத்த எத்தனை பெண்கள் தேறியிருப்பார்கள்.

அவள் தேநீரோடு வந்தபோது தாளை எதிரே வைத்தேன். முகம் வெளுத்து மண்டியிட்டாள்.

“யாரு படிச்சுச் சொன்னா அத்தை? மன்னிச்சிடுங்க. ஆனா நான் போகல. போகவே இல்ல.”

“தெரியும் அம்மாடி. போயிருந்தா இன்னிக்கே மூட்டையைக் கட்டி உங்கப்பா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எங்கேயாவது உசுரோட இருந்திருப்ப.”

அவளுக்குப் புரியவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள் என்றாள். குடித்து முடித்துத்தான் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், எனக்குப் படி தடுக்கிவிடக் கூடாதென்று.

ஆகவே ஐயா, மறுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஒழுக்கம் தவறியவளாக இருந்தால் நான் அவளுக்கு வாசல் கேட்டிருக்கவே மாட்டேன். ஆணின் கை என்று எழுதியதை அடித்துவிட்டு, மாமியாரின் கை என்று எழுதுங்கள். தாழ்ப்பாள் வெளியே இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. அதற்காக என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், வாசல் மட்டும் நிற்கட்டும். அவளைக் கேட்க முடிந்தால் அவளும் இதையேதான் சொல்வாள். யார் முன்னாலும் என்னை விட்டுக்கொடுக்கத் தெரியாத பெண் அவள்.